திருப்பூணித்துறை மடமும் ஒரு சின்ன உருளியும்

(நம் சபையின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



நான் எழுத்தாளனும் இல்லை, சரித்திர ஆராய்ச்சி செய்தவனும் இல்லை. 35 வருஷம் பாங்கில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். பிறந்தது திருப்பூணித்துறையில். வேலை பார்த்தது நாக்பூர், இந்தூர், புனே என்று பல ஊர்களில். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன். "குடும்ப வேர்களைத் தேடுவது எப்படி என்று பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டார். எப்படி என்று எனக்குத் தெரியாது, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். குடும்பத்தார் யாருடைய பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. தாத்தா, அத்தை, சித்தப்பா என்று உறவுமுறையில் சொல்கிறேன். அப்படிச் சொன்னால் உங்கள் வீட்டுக் கதைக்கும் பொருந்தும்.

திருப்பூணித்துறையைப் பற்றி இங்குள்ள பலருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொச்சி ராஜ குடும்பத்தின் ஊர். பூர்ணத்ரயீசர் அனந்தனின் படத்தின் கீழ் அமர்ந்த கோலத்தில் இருக்கும் க்ஷேத்திரம். விருச்சிக மாதத்தில் எட்டு நாள் உற்சவம். ஓணத்துக்கு முன் அத்தச்சமய ஊர்வலம். ஊருக்குச் சற்று வெளியே குன்றின் மேல் 1865-இல் கட்டப்பட்ட ஹில் பாலஸ், 1986 முதல் மியூசியமாகப் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. இந்த அரண்மனையையும் கோயிலையும் நம்பித்தான் நம்மவர்கள் பாலக்காட்டுக் கிராமங்களிலிருந்து அங்கே வந்து குடியேறினார்கள். சமையல், கணக்கு, வைதிகம், சங்கீதம் என்று அவரவருக்குத் தெரிந்த தொழிலில் இருந்தார்கள். வயலின் மேதை டி.என். கிருஷ்ணன் 1928-இல் அங்கே பிறந்தவர். அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் முதல் எழுத்து திருப்பூணித்துறைதான். நம் பெயர்களில் உள்ள அந்த ஒற்றை எழுத்துக்குள் ஓர் ஊரே ஒளிந்திருக்கிறது என்பதைப் பின்னால் மறுபடியும் சொல்வேன்.

கேரளத்தில் நம்மவர்களின் வீட்டுக்கு மடம் என்று பெயர். எங்கள் மடம் கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தது. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், அதை ஒட்டி அடுக்களை, பின்னால் கிணறு, கொல்லை. மேலே மச்சு. கூடத்தின் ஓரத்தில் நெல் கொட்டி வைக்கும் பத்தாயம். என் தகப்பனார் காலம் வரை குத்தகை நெல் வந்து பத்தாயம் நிறைந்திருக்கிறது. 1949-இல் கொச்சி சமஸ்தானம் திருவிதாங்கூரோடு இணைந்தபின் அரண்மனை உத்தியோகங்கள் குறைந்தன. 1970 ஜனவரி முதல் நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி குத்தகை நிலம் உழுதவருக்குச் சொந்தமாயிற்று. பத்தாயம் காலியாயிற்று. பிள்ளைகள் பம்பாய்க்கும் டெல்லிக்கும் ரயிலேறினார்கள். இது ஒரு வீட்டுக் கதை இல்லை, நம் எல்லோருடைய கதையும் இதுதான்.

மூன்று வருஷத்துக்கு முன் மடத்தை விற்றுவிடலாம் என்று முடிவாயிற்று. என் தாயார் காலமான பிறகு அங்கே யாரும் இல்லை. மழைக்காலத்தில் கழுக்கோல் இற்று ஓடு சரிந்துகொண்டிருந்தது. பத்திரம் பார்த்த வக்கீல், "வம்சாவளி எழுதிக் கொண்டு வாருங்கள்" என்றார். கேரளத்தில் கூட்டுக் குடும்ப முறையை ஒழித்த சட்டம் 1976 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. குடும்பச் சொத்து அன்றோடு தனித்தனிப் பங்காகிவிட்டது. ஆகவே யார் யாருக்குப் பிறந்தார், யார் எப்போது காலமானார் என்ற விவரம் இல்லாமல் விற்க முடியாது. எண்ணிப் பார்த்ததில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் 14 பேர். மும்பை, பெங்களூரு, சென்னை, டெல்லி, புனே, சிங்கப்பூர், நியூஜெர்சி என்று ஏழு ஊர்களில் இருந்தார்கள். ஆக, என் முன்னோர் ஆராய்ச்சி பக்தியில் தொடங்கியதில்லை. பத்திரத்தில் தொடங்கியது.

வம்சாவளி எழுத உட்கார்ந்தபோது முதல் சிக்கல் பெயரில் வந்தது. மூத்த பிள்ளைக்குத் தாத்தாவின் பெயர் வைப்பது நம் வழக்கம். ராமய்யர் மகன் சுப்பய்யர், அவர் மகன் ராமய்யர், அவர் மகன் மறுபடியும் சுப்பய்யர். பத்திரத்தில் வரும் ராமய்யர் எந்த ராமய்யர் என்று வக்கீல் திண்டாடினார். நானும் திண்டாடினேன். உட்கார்ந்த இடத்திலிருந்து இது முடியாது என்று, ஒரு விருச்சிக மாதத்தில் பத்து நாள் லீவு போட்டுக்கொண்டது போல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மடத்துக்கே போய்த் தங்கினேன். சாயங்காலம் கோயிலிலிருந்து மேளச் சத்தம் கேட்கும். நான் மச்சில் தூசி தட்டிக்கொண்டிருப்பேன்.

பெங்களூரில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு 84 வயது. எங்கள் குடும்பத்தின் பெருமைகளை எல்லாம் அவர்தான் மனப்பாடமாகச் சொல்வார். அதில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, ஹில் பாலஸும் நம் மடமும் ஒரே வருஷம் கட்டியவை, மிச்சம் வந்த மரத்தில் மகாராஜா நமக்கு மடம் கட்டிக் கொடுத்தார் என்பது. இரண்டாவது, என் கொள்ளுத்தாத்தா அரண்மனையில் வித்வானாக இருந்தார் என்பது.

முதல் பெருமைக்கு ஆதாரம் கூரையிலேயே இருந்தது. சரிந்து விழுந்த ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலையின் பெயரும் 1865 என்ற எண்ணும் அச்சாகியிருந்தன. சித்தப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் கூரையைப் பார்க்க வந்த வயதான மேஸ்திரி சிரித்தார். "சாரே, அது கம்பெனி தொடங்கின கொல்லம். எல்லா வீட்டு ஓட்டிலேயும் அதே நம்பர்தான்" என்றார். பக்கத்து மடத்தில் போய்ப் பார்த்தேன், 1865. கோடியில் இருந்த பழைய கடையில் வேறு கம்பெனி ஓடு, ஆல்புகர்க் என்ற பெயரோடு 1868. மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம் 1865. அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் கழித்துச் செய்த ஓட்டிலும் அதே எண்ணைத்தான் அச்சடித்தார்கள். எப்போதோ யாரோ ஓட்டைப் பார்த்துச் சொன்னது எங்கள் வீட்டில் சரித்திரமாகிவிட்டது. உங்கள் ஊர் வீட்டு ஓட்டிலும் வருஷம் இருந்தால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

வீட்டின் உண்மையான வயதைப் பத்திரம்தான் சொல்லிற்று. ஒவ்வொரு பத்திரத்திலும் அதற்கு முந்தைய ஆதாரத்தின் எண்ணும் வருஷமும் எழுதியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் நகல் வாங்கினால் ஏணி மாதிரி ஒவ்வொரு படியாகப் பின்னால் போகலாம். எங்கள் ஏணியின் கடைசிப் படியில் கொல்லம் 1078 மகர மாதம் என்று இருந்தது. கொல்ல வருஷம் சிங்க மாதம், அதாவது நம் ஆவணியில் பிறக்கிறது. சிங்கத்திலிருந்து டிசம்பர் முடிய உள்ள தேதிகளுக்கு 824-ஐக் கூட்ட வேண்டும். ஜனவரிக்குப் பிறகு உள்ளவற்றுக்கு 825. ஆகவே 1078 மகரம் என்றால் 1903 ஜனவரி, பிப்ரவரி. மகாராஜா கட்டிக் கொடுத்தது இல்லை. என் கொள்ளுத்தாத்தா வேறொருவரிடமிருந்து 575 ரூபாய்க்கு வாங்கிய வீடு.

இரண்டாவது பெருமை போனது பத்தாயத்துக்குள். அடியில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் நான்கு கணக்குப் புத்தகங்கள். பார்த்தால் மலையாளம். வாய்விட்டுப் படித்தால் தமிழ். நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக மலையாள எழுத்தில் தமிழை எழுதினார்கள் அல்லவா, அப்படி எழுதியது. எனக்கு மலையாள எழுத்து தெரியும் என்பதால் பிழைத்தேன். என் பிள்ளைக்குத் தெரியாது. நான் போன பிறகு கிடைத்திருந்தால் அது எடைக்குத்தான் போயிருக்கும்.

அந்தக் கணக்கில் மாதா மாதம் வரவு ஒன்று இருந்தது. ஊட்டுப்புரை தேகண்டம் வகை. பிராமணர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு போட்ட ஊட்டுப்புரைகளைச் சமஸ்தானம் நடத்திவந்தது உங்களுக்குத் தெரியும். தேகண்டம் என்றால் சமையல். வித்வான் என்று நாங்கள் பூஜித்த கொள்ளுத்தாத்தா ஊட்டுப்புரையில் சமையல் செய்தவர். சித்தப்பாவிடம் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அதனாலதான் நம்மாத்துல எல்லாருக்கும் எரிசேரி அப்படி வரதா?" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஊட்டுப்புரை அடுப்பில் வெந்து நான்கு பிள்ளைகளைப் படிக்க வைத்தவரை வித்வான் என்று மாற்றிச் சொல்ல வேண்டிய அவசியம் நமக்கு ஏன் வந்தது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

பாங்க் ஊழியனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு செலவைப் பார்த்தால் அதற்கு வரவு எங்கே என்று தேடுவான். ஊட்டுப்புரைச் சம்பளத்தில் 575 ரூபாய்க்கு வீடு எப்படி வாங்கினார்? அதே 1078 மகர மாதப் பக்கத்தில் வரவுப் பக்கம் பார்த்தேன். "அக்கா வகை, அட்டிகை, காசுமாலை, ஒட்டியாணம், காப்பு விற்றது, ரூபாய் 410." அப்போது ஒரு சவரன் நாணயத்தின் மதிப்பு 15 ரூபாய். ஏறக்குறைய 27 சவரன். வீட்டின் விலையில் நூற்றுக்கு 71 பங்கு.

நான் எழுதி வைத்திருந்த வம்சாவளியை எடுத்துப் பார்த்தேன். நான்கு தலைமுறை, 60-க்கும் மேற்பட்ட பெயர்கள். அதில் இந்த அக்காவுக்கு இடமே இல்லை. வாரிசு இல்லாதவளுக்கு வக்கீலின் படத்தில் கிளை கிடையாது.

அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதை உண்டு. ஷொரணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில் போடப் பணம் போதாமல், அப்போதைய மகாராஜா ராம வர்மா பூர்ணத்ரயீசர் கோயிலின் 15 தங்க நெற்றிப்பட்டங்களில் 14-ஐ விற்றார் என்பார்கள். ரயில் 1902-இல் வந்தது. மகாராஜா 1914-இல் தாமாகவே பட்டம் துறந்தார். இன்றைக்கும் ஊர் அவரை நினைக்கிறது. அதற்கு அடுத்த மாதங்களில், அதே ஊரில் ஒரு பெண் தன் நகை முழுவதையும் கழற்றிக் கொடுத்துத் தம்பிக்கு வீடு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அது 67 வயது வரை தெரியாது.

மும்பையில் மாதுங்காவில் என் அத்தை இருக்கிறார். என் தகப்பனாரின் தங்கை. வயது 89. அவருக்குப் போன் செய்தேன்.

"அத்தை, கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு அக்கா இருந்தாளா?"

"இருந்தாளே. அத்தைப் பாட்டி. நேக்கு ஏழு வயசா இருக்கறச்சே போனா. வெள்ளைப் புடவை, மொட்டைத் தலை. பன்னண்டு வயசுல புக்காத்துலேர்ந்து திரும்பி வந்தவளாம்."

"அவா பேர் என்ன?"

"பேரா? தெரியாதுடா கண்ணா. எல்லாரும் அத்தைப் பாட்டின்னுதான் கூப்பிடுவோம். பேர் சொல்லிக் கூப்பிடற வயசுக்காரா ஒருத்தரும் அப்போ மிச்சமில்லை."

அந்தக் காலத்தில் இப்படி எத்தனை பேர் ஒவ்வொரு மடத்திலும் இருந்தார்கள் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி, தாமே இளம் வயதில் அந்த நிலைக்கு ஆளானவர், 1911-இல் பட்டம் பெற்று, இத்தகைய பெண்களுக்கு விடுதியும் படிப்பும் ஏற்படுத்திக் கொடுத்தார். எங்கள் அத்தைப் பாட்டிக்கு அது எட்டாத தூரம். அடுக்களையும் கிணற்றடியும்தான் அவள் உலகம்.

இன்னொன்றும் தோன்றியது. எங்கள் மடத்திலிருந்து சிறிது தூரத்தில் அரண்மனையில் தாய்வழி முறை. ராஜாவுக்குப் பின் பட்டம் அவர் பிள்ளைக்கு வரவில்லை, தாய்வழியில் மூத்த ஆணுக்குத்தான் வந்தது. அங்கே வம்சம் எழுதினால் பெண்களின் பெயரைக் கொண்டுதான் எழுத வேண்டும். கூப்பிடு தூரத்தில் நாங்கள் வம்சம் எழுதினோம், வீட்டை வாங்கிக் கொடுத்தவளின் பெயரைக்கூட எழுதவில்லை. நம் கல்பாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். விசுவநாத சுவாமி கோயில் 15-ஆம் நூற்றாண்டில் ஏற்பட்டதைச் சொல்லும் வரலாறு, லட்சுமி அம்மாள் என்ற விதவை காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்தார் என்றுதான் தொடங்குகிறது. கோயிலுக்குக் கொடுத்தால் பெயர் நின்றது. வீட்டுக்குக் கொடுத்ததால் பெயர் போயிற்று.

அத்தை போனை வைக்கும் முன் ஒன்று சொன்னார். "அவளுக்குன்னு ஒரு சின்ன உருளி உண்டு. ஒரு காது உடைஞ்சிருக்கும். ஒருபொழுதுக்கு அதுலதான் பொங்கிப்பா. மடி, நாங்க தொடக்கூடாது."

மச்சில் பாத்திரங்கள் இருந்தன. இருந்தவை ஒன்பதுதான். தாயார் எங்களோடு வந்து தங்கியபோது, இடத்தை அடைக்கிறது என்று இரண்டு சாக்கு வெண்கலத்தையும் பித்தளையையும் நானே எடைக்குப் போட்டேன். யாரையும் குறை சொல்ல முடியாது, நான் செய்ததுதான். எடை போட்டவன் சரியாகத்தான் போட்டான். அதில் வெட்டியிருந்த எழுத்துக்களை நான்தான் படிக்கவில்லை.

நம் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கும். கல்யாணத்தில் சீராக வந்த பாத்திரம் என்றால் பெண்ணின் பெயரும், பெரும்பாலும் ஊரின் முதல் எழுத்தும் இருக்கும். புளி போட்டுத் தேய்த்து, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் தெரியும். அந்த ஒன்பது பாத்திரத்தில் ஆறு பெண்களின் பெயர் கிடைத்தது. அதில் ஐந்து எனக்குத் தெரிந்த பாட்டிகள். வக்கீலுக்கு எழுதிய வம்சாவளியில் இல்லாத பிறந்த ஊர்களின் எழுத்துக்கள் பாத்திரத்தில் இருந்தன.

ஆறாவது ஒரு சின்ன உருளி. ஒரு காது உடைந்திருந்தது. "கொ" என்ற எழுத்து, அதன் பின்னால் ஒரு பெயர். அந்தப் பெயரில் எங்கள் குடும்பத்தில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் பாங்க்காரனுக்கு ஒரே ஒரு சான்று போதாது. கணக்குப் புத்தகத்தை மறுபடியும் புரட்டினேன். 1081-இல் ஒரு செலவு: "கொடுவாயூரிலிருந்து அக்கா மைத்துனர் வந்த வகை, சாப்பாடு, வண்டிச் சத்தம்." கொடுவாயூர், "கொ". அத்தை சொன்ன உடைந்த காது. இரண்டும் பொருந்தின. அந்தப் பெயரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அந்த வீட்டில் அந்தப் பெயரை யாராவது சொல்லி எத்தனை வருஷம் இருக்கும் என்று கணக்குப் போட முயன்றேன். முடியவில்லை.

ஊர் திரும்பியதும் எங்கள் வாத்தியாரிடம் போனேன். அமாவாசைத் தர்ப்பணத்தில் 12 பேருக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறோம். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா. அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி. அம்மாவின் பக்கத்தில் அதே போல் ஆறு பேர். 12-இல் ஆறு பேர் பெண்கள். சொத்துப் பத்திரத்தில் வராத பெண் பெயர்களைத் தர்ப்பணம் மூன்று தலைமுறைக்குக் காப்பாற்றி வைத்திருக்கிறது. இதை நான் 40 வருஷம் செய்து வந்தும் கவனித்ததில்லை. கைபேசியில் ஓடுகிற குரலைக் கேட்டுக்கொண்டு, பெயர் வருகிற இடத்தில் முணுமுணுத்துவிட்டுப் போகிறவர்கள் தயவுசெய்து அந்த இடத்தில் மட்டுமாவது நின்று சொல்லுங்கள்.

ஆனால் அத்தைப் பாட்டி அந்த 12-இல் வரமாட்டாள். பிள்ளை இல்லாதவள். வாத்தியாரிடம் கேட்டேன். அவர் இரண்டு விஷயம் சொன்னார். தர்ப்பணத்தின் முடிவில் ஒரு மந்திரம் உண்டு. தாய், தகப்பன், சிநேகிதர், தாயாதி என்று யாருமே இல்லாமல் போனவர்களுக்காகச் சொல்லி, தர்ப்பையை அவிழ்த்துவிட்டு நீர் விடுவது. "உங்க அப்பா, தாத்தா எல்லாரும் அதைச் சொல்லியிருக்கா. அவளுக்குத் தண்ணி கிடைக்காம இல்லை. பேரில்லாம கிடைச்சிருக்கு" என்றார். இரண்டாவது, மஹாளய பட்சத்தில் காருண்ய பித்ருக்கள் என்று பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா முதலியவர்களைப் பெயர் சொல்லி நினைக்க இடம் உண்டு. அங்கே சொல்லலாம் என்றார்.

சொல்வதற்குக் கோத்திரம் வேண்டும். கல்யாணமான பெண்ணுக்குப் புருஷன் வீட்டுக் கோத்திரம். பன்னிரண்டு வயதில் போன அந்தப் பந்தத்தின் கோத்திரம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கோத்திரம் தெரியாதவர்களுக்குக் காசியப கோத்திரம் சொல்வது வழக்கம் என்று வாத்தியார் வழி காட்டினார். இரண்டு மஹாளயமாக அப்படித்தான் சொல்லி வருகிறேன்.

மடம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விற்றுவிட்டோம். பழைய வீட்டைக் காப்பாற்றினேன் என்று சொல்லத்தான் ஆசை. 14 பேரின் பணத்தை வைத்து நான் ஒருவன் ஆசைப்பட முடியாது. வாங்கியவர் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கிறார். கையெழுத்துப் போடும் முன் கணக்குப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து 14 பேருக்கும் அனுப்பினேன். "இந்தக் கணக்குப்படி வீட்டில் பெரும்பங்கு அத்தைப் பாட்டியுடையது. அவள் பேரில் ஏதாவது செய்வோம்" என்று எழுதினேன். 11 பேர் பணம் கொடுத்தார்கள். மூன்று பேர் கொடுக்கவில்லை, அது அவர்கள் உரிமை. அந்தத் தொகையின் வட்டியில் வருஷத்துக்கு இரண்டு பெண் குழந்தைகளுக்குப் படிப்புச் செலவு கொடுக்கிறோம். பெங்களூர் சித்தப்பாதான் முதலில் பணம் அனுப்பியவர். உருளி என்னிடம் இருக்கிறது. என் மருமகள் அதில் மாதம் ஒரு தடவையாவது எரிசேரி வைக்கிறாள்.

சபை உறுப்பினர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். முதலில், வீட்டில் வயதான பெண்கள் யார் இருந்தாலும் இந்த வாரமே போன் செய்யுங்கள். ஆண்கள் பெருமையைச் சொல்வார்கள், பெண்கள் உடைந்த காதைச் சொல்வார்கள். நமக்கு இரண்டும் வேண்டும், ஆனால் துப்பு இரண்டாவதில்தான் கிடைக்கும். பேசும்போது பதிவு செய்துகொள்ளுங்கள். பாத்திரத்தை எடைக்குப் போடும் முன் எழுத்தைப் படித்துப் படம் எடுங்கள். மலையாள எழுத்தில் உள்ள தமிழ்க் கணக்கு எதையும் தூக்கி எறியாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள், நானே படித்துத் தருகிறேன். கோத்திரம், சூத்திரம், குலதெய்வம் மூன்றையும் எழுதி வையுங்கள். குலதெய்வம் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறதோ, அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் முன்னோர் வந்திருக்க வாய்ப்பு உண்டு. பழைய கொச்சி சமஸ்தானத்து ஆவணங்கள் எர்ணாகுளத்தில் உள்ள மண்டல ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஊரும் கொல்ல வருஷமும் தெரிந்துகொண்டு போனால் வேலை சுலபம். வடக்கே ஹரித்வார் போன்ற க்ஷேத்திரங்களில் பண்டாக்கள் யாத்திரை வந்தவர்களின் பெயர்களைப் பரம்பரையாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தேடினால் பெருமை கொஞ்சம் குறையும். எனக்கு மகாராஜா கட்டிக் கொடுத்த வீடு போயிற்று, வித்வான் கொள்ளுத்தாத்தாவும் போனார். பதிலுக்கு ஓர் அக்கா கிடைத்தாள். கணக்கில் நஷ்டம் என்று நான் எழுதமாட்டேன்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். இதற்காகத்தான் இந்த உரையை அச்சில் போட ஒப்புக்கொண்டேன். நம் உறுப்பினர்களில் கொடுவாயூர்க்காரர்கள் பல ஊர்களில் இருக்கிறீர்கள். உங்கள் குடும்பத்தில், 1890-ஐ ஒட்டிய வருஷங்களில், திருப்பூணித்துறையில் பெண் எடுத்து, கல்யாணமான சில காலத்திலேயே சிறு வயதில் காலமான பிள்ளை யாராவது இருந்தாரா என்று பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இருந்தால் சபைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பெண்ணின் பெயரை நான் உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் கோத்திரத்தை நீங்கள் எனக்குச் சொல்லுங்கள். அடுத்த மஹாளயத்தில் அவளைச் சரியான கோத்திரத்தோடு கூப்பிட வேண்டும்.